நச்சு மண்ணும் பொது நிதியும்

1946ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேரறிஞர் டூ பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். தீண்டப்படாதார் நிலையும் அம்மக்கள் நிலையும் பெரிதும் ஒத்திருப்பதை அதிலே குறித்தார். ஆகவே, அவர்கள் வரலாற்றை நம் இளைஞர் கற்பது அயலார் கதை கேட்பதாகாது. அவ்வரலாற்றில் நாம் அதிகம் அறியாத ஒரு பகுதி, நஞ்சேறிய நிலத்தைப் பற்றியது.

நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் லவ் கால்வாய் என்றொரு பாதி வெட்டிய கால்வாய் இருந்தது. ஓர் இரசாயன நிறுவனம் 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் ஏறத்தாழ 21,000 டன் கழிவை அதிலே புதைத்து, மண்ணால் மூடி, 1953இல் ஒரே ஒரு டாலருக்கு நகரப் பள்ளிக் குழுவினரிடம் விற்றுவிட்டது. அங்கே பள்ளி எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1978இல் நஞ்சு கசிந்து வெளிவந்தபோது அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. சொந்த வீடு உடையோர் வீட்டுக்கு விலை பெற்று வெளியேறினர். அருகே கிரிஃபன் மேனர் என்னும் அரசு வாடகைக் குடியிருப்பில் பெரும்பாலும் கறுப்பின மக்களே வாழ்ந்தனர். அவர்களுடைய முறையீடு பின்வரிசைக்குத் தள்ளப்பட்டது. பத்திரம் உள்ளவன் குரலுக்கே முதலில் செவி சாய்ப்பது எந்நாட்டு அரசுக்கும் பழக்கம் போலும்!

இதன் விளைவாக 1980இல் 'சூப்பர்ஃபண்ட்' சட்டம் பிறந்தது. மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும். அவன் இல்லாவிடில் பொது நிதியிலிருந்து தூய்மை செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. எண்ணெய், இரசாயனத் தொழில்கள் மீது விதித்த வரி அந்நிதிக்கு ஊற்றாக இருந்தது. 1995இல் அவ்வரி காலாவதியாயிற்று. 2021, 2022ஆம் ஆண்டுச் சட்டங்களே அதனை மீட்டன. இடைப்பட்ட காலத்தில் சுமை பெரிதும் பொது மக்களின் வரிப்பணத்தின் மீதே விழுந்தது.

அவ்வளவு கொடிய நஞ்சேறாத, ஆனால் பொறுப்புக்கு அஞ்சி எவரும் வாங்காத பழைய ஆலை நிலங்கள் நகரந்தோறும் பாழாய்க் கிடந்தன. அவற்றை ஆராயவும் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தவும் 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 25 கோடி டாலர் வரை ஒதுக்க வழி செய்தது. பல ஆண்டுகள் ஒதுக்கப்பட்டது அதைவிடக் குறைவே.

இத்தகைய நிதி யாருக்குப் பயன்பட்டது? நிலம் தூய்மையானால் விலை ஏறும். விலை ஏறினால் வாடகை ஏறும். நஞ்சோடு வாழ்ந்தவன் வெளியேற, வசதி உடையவன் குடியேறுவான். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இதுவே நிகழ்ந்தது.

தென் கரோலினா மாநிலத்து ஸ்பார்ட்டன்பர்க் நகரில் மக்கள் வேறு வழி கண்டனர். அதன் தென்பகுதியில் உள்ள ஆர்க்ரைட், ஃபாரஸ்ட் பார்க் பகுதிகளில் வாழ்ந்தோர் பெரும்பாலும் கறுப்பின மக்கள். ஒருபுறம் 1986 வரை இயங்கி மூடிய உரத் தொழிற்சாலை. மறுபுறம் சுமார் 30 ஏக்கரில் நகராட்சியின் பழைய குப்பைமேடு. குப்பைமேடு ஊரில் எவர் வாசலை நோக்கி வளரும் என்பதை நம் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. தொழிற்சாலைக்கு எதிரே வளர்ந்த ஹெரால்டு மிட்செல், தம் குடும்பத்தில் நோயும் சாவும் கண்டபின், பழைய ஆவணங்களைத் தேடிப் படித்தார். அண்டை வீட்டாரைத் திரட்டி 1998இல் 'ரிஜெனிசிஸ்' அமைப்பை நிறுவினார். கூட்டாட்சி அரசின் சுற்றுச்சூழல் முகமையிடம் அவர்கள் முதலில் பெற்றது 20,000 டாலர் மட்டுமே.

அத்தொகையைக் கொண்டு அவர்கள் மண்ணைத் தோண்ட முற்படவில்லை. மக்களைக் கூட்டினர், நகராட்சி, மாவட்ட நிர்வாகம், ஆலையினர், அரசுத் துறையினர் ஆகியோரை ஒரே மேசைக்கு அழைத்தனர். அந்நிலத்தில் என்ன எழவேண்டும் என்பதைக் குடியிருப்போரே முன்கூட்டி வரைந்து வைத்தனர். இவ்வரிசை முறையையே நாம் மிக முக்கியமாகக் கருதுகிறோம். திட்டம் கையில் இருந்ததால், தூய்மைக்கு ஒரு துறை, வீடுகளுக்கு ஒரு துறை, மருத்துவத்துக்கு ஒரு துறை என்று வாசல்தோறும் சென்று கேட்க முடிந்தது. காலப்போக்கில் அந்த 20,000 டாலரை அடியொற்றி வந்து சேர்ந்த பொது நிதியும் தனியார் நிதியும் 27 கோடி டாலரைத் தாண்டின. ஏழைகள் வாங்கத்தக்க வீடுகளும் மருத்துவ நிலையமும் எழுந்தன.

2005இல் மிட்செல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார். ஆவணக் கட்டுகளைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர், அவ்வலுவலகங்களுக்கு நிதி ஒதுக்கும் அவையிலே அமர்ந்தார்.