பழைய இயங்குதளங்களும் தமிழர் கடமையும்

பழைய ஓலைச்சுவடியைத் தேடிப் பேணுகின்றவனை அறிஞன் என்று போற்றுகின்றோம். பழைய கணினி இயங்குதளத்தைத் தேடிப் பேணுகின்றவனை வேலையற்றவன் என்று நகைக்கின்றோம். இவ்விரு செயல்களும் ஒரே தன்மையன என்பதையும், பின்னதைப் புறக்கணித்தலால் தமிழ் மக்களுக்கு, அதிலும் தோட்டப்புறத் தமிழர்க்கு, நேரக்கூடிய இழப்பு சிறிதன்று என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயங்குதளமாவது, கணினியின் உறுப்புகளையும் அதன்மேல் ஓடும் செயலிகளையும் இணைத்து நடத்தும் அடிப்படை ஏற்பாடு. அதனை ஆக்குவோர், விற்பனைக்கு விடுமுன் குறை காணும்பொருட்டுச் சோதனைப் பிரதிகளைச் சிலரிடம் அளிப்பர். இதனைப் 'பீட்டா' என்பர். புதுக் கப்பலை வாணிகத்திற்கு விடுமுன் வெள்ளோட்டம் விடுதல் போல்வது இது. ஆதலின் வெள்ளோட்டப் பதிப்பு என்றே நாம் வழங்குவோம். 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் 95, அதற்கு முன் 'சிக்காகோ' என்னும் பெயருடன் பல வெள்ளோட்டங்களைக் கண்டது. 2007ஆம் ஆண்டு ஜனவரியில் பொதுமக்களை அடைந்த விண்டோஸ் விஸ்டா, 'லாங்ஹார்ன்' என்னும் பெயருடன் வளர்ந்து, 2004ஆம் ஆண்டிலே பாதி வழியில் நிறுத்தப்பெற்று மீண்டும் கட்டப்பட்டது. கோப்புகளைப் புதுமுறையில் சேமிப்பதற்காக அதில் அமையவிருந்த 'வின்எஃப்எஸ்' என்னும் பகுதி கைவிடப்பட்டது. முடிந்த பதிப்பில் அதனைக் காண இயலாது. வெள்ளோட்டப் பதிப்புகளிலேயே காணலாம்.

1887ஆம் ஆண்டிலே சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர், ஒரு சுவடியோடு நின்றாரல்லர். பல சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கிப் பாடபேதங்களை ஆராய்ந்தார். அச்சேறிய நூல் முடிவைக் கூறும். பாடபேதமோ அம்முடிவிற்கு வந்த வழியைக் கூறும். கணினி உலகில் வெள்ளோட்டப் பதிப்புகள் பாடபேதங்களின் இடத்தில் நிற்கின்றன. எது சேர்க்கப்பட்டது, எது தள்ளப்பட்டது, எந்தக் காலத்தில் எவருடைய மொழி நினைவு கூரப்பட்டது என்பனவற்றை அவையே சான்றாக நின்று உரைக்கும்.

பழைய பதிப்பை ஓட்டப் பழைய பொறி வேண்டுமே, அதற்கு எங்கே போவது என்று சிலர் வினவலாம். அதற்கு விடைதான் மெய்நிகர் இயந்திரம். இன்றைய கணினியினுள்ளே, மென்பொருளைக் கொண்டே மற்றொரு கணினியை அமைத்துவிடுதல் இதன் முறை. உள்ளே ஓடும் இயங்குதளம், தான் தனிப்பொறியில் இருப்பதாகவே கணக்கிட்டு நடக்கும். இக்கருத்து நேற்று முளைத்ததன்று. அமெரிக்க நாட்டில் ஐபிஎம் நிறுவனத்தார் 1960களிலேயே இதனை ஆராய்ந்து, 1972ஆம் ஆண்டில் 'விஎம்/370' என்னும் ஏற்பாட்டை அறிவித்தனர். 1999ஆம் ஆண்டில் விஎம்வேர் நிறுவனத்தின் மென்பொருள் இதனை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2003இல் 'கியூஎமு'வும், 2007இல் 'விர்ச்சுவல்பாக்ஸ்'உம் தோன்றியபின், எளிய மக்களும் செலவின்றி இதனைக் கையாளலாயினர்.

எனினும், பழையதைப் புதியதில் ஏற்றுதல் பொறுமையை வேண்டும் தொழில். விண்டோஸ் 95 தோன்றிய நாளில் 4 மெகாபைட் நினைவகமே அதற்குப் போதும் என்றனர். இன்று 512 மெகாபைட்டிற்கு மேற்கொடுத்தால் அது தடுமாறும். ஏழையின் வயிற்றிற்குத் திடீரென்று பெருவிருந்து ஒவ்வாதவாறு போலும்! செயலியின் வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸைக் கடந்தால், வலைப்பின்னலுக்குரிய பகுதி காலத்தை அளக்கும்போது பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்து, இயங்குதளம் எழும்போதே நின்றுவிடும்; அதற்கெனத் திருத்தம் இட வேண்டும். வெள்ளோட்டப் பதிப்புகள் பலவற்றிற்கு ஆயுள் எல்லையும் உண்டு. குறித்த நாள் கடந்தால் அவை இயங்க மறுக்கும். மெய்நிகர் இயந்திரத்தின் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பினாலோ, இறந்தது எழுந்தாற்போல் ஓடத் தொடங்கும். இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை, யாவும் கணக்கே.

பொறியறிஞர் சிலர் இவ்வேலையை ஒரு கலையாகவே வளர்த்துவிட்டனர். 1971ஆம் ஆண்டின் யூனிக்ஸ் முதற்பதிப்பு இயங்கும் நிலையில் எங்கும் எஞ்சவில்லை. தாளில் அச்சிட்ட நிரற்பிரதி ஒன்றே எஞ்சியது. ஆஸ்திரேலியராகிய வாரன் டூமியும் அவர்தம் தோழர்களும் அத்தாள்களை எழுத்தெழுத்தாக மீட்டுத் திருத்தி, 2008ஆம் ஆண்டிலே பழம்பொறியை ஒத்த மென்பொருளின்மேல் அதனை மீண்டும் ஓடச் செய்தனர். அறிவிலே ஆர்வமுடையோர் தம் முன்னோர் கைவேலையை இவ்வாறு போற்றுவர்.

இனித் தமிழுக்கு வருவோம். கணினியில் தமிழெழுதும் முயற்சியில் மலேசியத் தமிழர்க்குச் சிறந்த பங்குண்டு. நம் நாட்டவராகிய முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே 'முரசு' மென்பொருளை ஆக்கினார். அதன்பின் பற்பல எழுத்துருக்கள் தோன்றின. ஆனால், ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிமுறை வகுத்துக்கொண்டது. ரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை அவரவர் விரும்பியவாறு அமர்த்தினர். ஓர் எழுத்துருவில் எழுதிய மடலை மற்றோர் எழுத்துருவில் திறந்தால், குழந்தை கிறுக்கிய சுவர்போலத் தோன்றும். இக்குழப்பத்தைத் தீர்க்கச் சென்னையில் 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் மாநாடு கூடியது. 'டாம்', 'டாப்' என்னும் இருமுறைகள் வகுக்கப்பட்டன. இணைய ஆர்வலர் 'டிஸ்கி' என்னும் முறையைப் பின்பற்றினர். 1991ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தபோதிலும், 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000இலேதான் மைக்ரோசாப்ட் அதற்கு வழி செய்து, 'லதா' என்னும் எழுத்துருவையும் சேர்த்தது. எந்த வெள்ளோட்டத்திலே தமிழ் முதன்முதல் அடியெடுத்து வைத்தது என்று அறிய விழையும் வரலாற்று மாணவன், அவற்றை ஒவ்வொன்றாக நிறுவிப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை.

பழைய கோப்புகளைப் புதுமுறைக்கு மாற்றிவிட்டாற் போதாதா எனின், போதும். ஆனால், மாற்றுவதற்கு முதலில் படிக்க வேண்டும். டிஸ்கி முறையிலே 'கொ' என்னும் எழுத்து, கொம்பு, ககரம், கால் என்று கண்ணிற் படும் வரிசையில் மூன்று குறிகளாக நிற்கும். ஒருங்குறியிலோ ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னும் நிற்கும். வரிசையறியாது மாற்றினால் சொற்கள் சிதையும். மாற்றியது சரிதானா என்று ஐயமற உணர, அக்காலத்து எழுத்துருவையும் அக்காலத்து இயங்குதளத்தையும் ஒருமுறையேனும் உயிர்ப்பித்து ஒப்புநோக்குதல் வேண்டும். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தம் நூல்களை முறைக்கு முறை மாற்றிவந்தமையால், அவை இன்றும் படிக்கத் தக்கனவாய் உள்ளன.

இலக்கியத்திற்குக் காவலர் உளர். தோட்டத்து மக்களின் எழுத்துக்கு யார் உளர்? லெம்பா பெர்த்தாமிலும் ஏனைய தோட்டங்களிலும் ஆலயக் குழுவின் கூட்டக் குறிப்பு, தமிழ்ப்பள்ளி விழா மலர், தொழிலாளர் மனு, இரங்கற்பா ஆகியன பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. தோட்ட அலுவலகத்திலே கணக்கெழுதும் நம்போன்ற கிராணிமார் செக்ரோலை மட்டும் கண்ணெனக் காப்போம். அதிலே பெயரும் நாட்சம்பளமும் இருக்கும், மனிதனுடைய சொல் இராது. அவன் சொல் அக்கோப்புகளிலேதான் இருக்கின்றது. தேயிலைத் தோட்டங்களில் இன்று தமிழர் தொகை குறைந்து, அயல்நாட்டுத் தொழிலாளர் தொகை மிகுந்துவிட்டது. மக்கள் பட்டணம் சேர்ந்தபின், அவர்கள் இங்கு வாழ்ந்து மலையைத் திருத்தியதற்குச் சான்று எது?

2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் விடியுமுன், சுல்தான் அபு பாக்கார் அணையினின்று திறக்கப்பட்ட நீர் இவ்வூர் வீடுகளுட் புகுந்ததை நாம் மறந்திலோம். வெள்ளம் கண்ணுக்குத் தெரியும் பகை. மென்தகட்டின் காந்தம் தேய்வதும், அதைப் படிக்கும் கருவி மறைவதும் கண்ணுக்குத் தெரியாப் பகை. முன்னதற்கு அஞ்சுகின்ற நாம் பின்னதற்கு அஞ்சுவதில்லை.

ஆதலின் நம்மவர் செய்யற்பாலன சில உள. பழைய மென்தகடுகளையும் குறுந்தகடுகளையும் குப்பையில் எறியாதீர்கள். அவற்றைப் படியெடுத்து இரண்டு மூன்றிடங்களில் வையுங்கள். எழுதிய எழுத்துருவையும் உடன் சேர்த்து வையுங்கள். கணினி பயிலும் இளைஞர், வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை மெய்நிகர் இயந்திரத்திற்கு ஒதுக்கி, பழைய இயங்குதளத்தை நிறுவி, பாட்டன் பாட்டிமார் அடித்த பக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றித் தரலாம். அப்பழைய இயங்குதளத்தை இணையத்தோடு இணைக்க வேண்டா. இன்றைய தீநிரல்களைத் தாங்கும் வலிமை அதற்கில்லை.

கல்லில் எழுதியவர் சொல்லை ஆயிரம் ஆண்டு கழித்தும் படிக்கின்றோம். முப்பது ஆண்டுக்கு முன் தோட்டத்தில் எழுதியவர் சொல்லைப் படிக்க இயலவில்லையெனின், குற்றம் காலத்தினுடையதன்று. பேணாது விட்ட நம்முடையதேயாகும்.