இடந்தலையில் அப்பிய ரவை

குடுமியான்மலைக் குடைவரைக்கு அருகில், பாறையின் மேல், ஏழாம் நூற்றாண்டினது என்று அறிஞர் கூறும் இசைக் கல்வெட்டு ஒன்று உண்டு. சுரக் கோவைகளைக் கிரந்த எழுத்தில் வரிசை வரிசையாக வெட்டி வைத்திருக்கின்றார்கள். சரித்திரம் கற்பித்த நாளில் ஆண்டுதோறும் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வேன். புதுக்கோட்டையின் சங்கீதப் பெருமைக்குச் சான்று யாது என்று எவரேனும் வினவினால், அந்தப் பாறையையே சுட்டிக் காட்டுவேன். பிற்காலத்தில் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்த தாள வாத்தியக் கலைக்கு அத்தகைய கல் ஏதும் இல்லை. அதன் ஒரு பகுதி, கச்சேரிக்குக் கச்சேரி பிசைந்து ஒட்டிப் பின்பு சுரண்டி எறியும் ரவையில் இருந்தது.

இதை நான் அறிந்துகொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று. இளம் ஆசிரியனாக இருந்தபோது பள்ளி ஆண்டு விழாவில் மேடைப் பொறுப்பு என்னுடையது. மிருதங்க வித்துவான் வாத்தியத்தைச் சித்தம் செய்து வைத்துவிட்டுச் சிற்றுண்டி அருந்தப் போயிருந்தார். அதன் ஒரு முகத்தில் ஈரமாய் ஏதோ அப்பியிருப்பதைக் கண்டு, அழுக்கென்று எண்ணி, அருகில் நின்ற மாணவனிடம் துடைத்துவிடச் சொன்னேன். அவனும் பளிச்சென்று துடைத்துவிட்டான். வித்துவான் திரும்பி வந்து இடக்கையால் ஒரு தட்டுத் தட்டினார். வெறும் தகரத்தைத் தட்டினாற் போன்ற ஓசை எழுந்தது. "அது அழுக்கு இல்லைங்க சார், ரவை" என்றார், கோபித்துக்கொள்ளவில்லை. நான்தான் சபை கேட்க அம்மாணவனைக் கடிந்துகொண்டேன். என் உத்தரவின் பேரில் செய்தான் என்று அன்று சொல்லவில்லை, பின்னரும் சொல்லவில்லை. அவன் பள்ளியிறுதித் தேர்வு எழுதிவிட்டுப் போய்விட்டான்.

விடுதிச் சமையற்கட்டில் உப்புமாவுக்கு வைத்திருந்த ரவை வந்தது. அவர் நீர் தெளித்து அதைப் பிசைந்த பக்குவத்தை அருகிருந்து பார்த்தேன். இளகியிருந்தால் பாதிக் கச்சேரியில் உதிரும்; மிகுதியாக அப்பினால் நாதம் அடைபட்டுப் போகும். சிறு அடையாக நடுவில் ஒட்டி, தட்டிக் கேட்டு, கொஞ்சம் கிள்ளியெடுத்து, மறுபடி தட்டிக் கேட்டார். வலந்தலைச் சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே அது இறங்கி நிற்கும் வரையில் விடவில்லை. இடையே ரவை உலர்ந்தால் ஓசை மாறிவிடும் என்பதால் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நீரும் வைத்துக்கொண்டார்.

இதன் காரணத்தைப் பின்னாளில் படித்தறிந்தேன். இழுத்துக் கட்டிய தோலின் மீது பாரம் ஏற்றினால் அது மெதுவாக அதிரும். மெதுவாக அதிர்ந்தால் ஓசை தாழும். வலந்தலையில் சாதம் என்றும் கரணை என்றும் வழங்கும் கருமருந்து, கிட்டக் கல்லின் பொடியையும் சோற்றையும் சேர்த்தரைத்துப் படலம் படலமாகத் தேய்த்து ஏற்றிய நிலையான பாரம். வட்டமான வெறும் தோலில் பிறக்கும் மேலொலிகள் ஒன்றோடொன்று இசையா; அக்கருமருந்து அவற்றை இசைய வைக்கின்றது என்பதைச் சர் சி. வி. இராமன், சிவகாளி குமார் என்பாருடன் சேர்ந்து 1920-இல் எழுதினார். 1934-இல் விரிவாக ஆராய்ந்தும் காட்டினார். இடந்தலையின் ரவை தற்காலிகப் பாரம். தாழ்த்துவதோடு கொஞ்சம் அடக்கவும் செய்கின்றது. பாண்டு வாத்தியத்தின் பெரிய டிரம்முக்குள் கம்பளியைத் திணிக்கின்றார்களே, அது முழுக்க அடக்குவதற்கு. இராணுவத்தார் இறுதி ஊர்வலத்தில் டிரம்மின் மேல் கறுப்புத் துணி போர்த்துவதும் அவ்வாறே. நம்மவர் நாடியது முழக்கத்தைக் கொல்வதையன்று, அதை வேண்டும் ஆழத்துக்கு இறக்கி நிறுத்துவதை.

இனி இவ்வூரின் கதைக்கு வருவோம். புதுக்கோட்டைத் தாள வாத்திய மரபின் மூலபுருஷர் மாமுண்டியா பிள்ளை (1857–1922). மான்பூண்டியா பிள்ளை என்றும் எழுதுவர். கோயிலில் விளக்கேற்றும் பணி செய்தவர் என்பது வழிவழிக் கூற்று. பஜனை மடங்களில் தட்டப்பட்டு வந்த கஞ்சிராவைச் செப்பம் செய்து கச்சேரி மேடைக்கு உரியதாக்கியவர் அவரே. ஒரு சாண் அகலமுள்ள அந்தச் சிறு வாத்தியத்திலிருந்து கனமான ஓசை எப்படி எழும்? உட்புறத்தில் நீர் தடவித் தோலைத் தளர்த்துவதால் எழும். பிடிக்கும் கையின் விரல்கள் தோலை அழுத்தினால் அந்த ஓசை வளைந்தும் கொடுக்கும். அதற்கு உடும்புத் தோல் உகந்ததாயிருந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் உடும்பைக் காத்தது. இப்போது ஆட்டுத்தோல் கட்டுகின்றார்கள். வாசிப்போர்க்கு மனக்குறைதான், ஆனால் உடும்பின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கின்றது.

அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் வல்லவர். மற்றொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை. இவருடைய குமாரர்தாம் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). இவர் இடக்கைப் பழக்கமுடையவர். எனவே தொப்பியைத் தட்டியது வலக்கை. மேடையில் அவருக்கு இடம் மாற்றிப் போட வேண்டியிருந்தது. பக்கவாத்தியக்காரர் சிலர் முகம் சுளித்த அக்காலத்தில் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை உடன் அமர்த்தி ஆதரித்தார். மணிக்கட்டுத் தோலில் வழுக்கி எழுப்பும் கும்கியில் அவருக்கு நிகர் அவரே என்று ரசிகர்கள் சொல்வார்கள். இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் எஞ்சியிருக்கும் அவருடைய வாசிப்பைக் கேட்கும்போது, எவ்வளவு அடித்தார் என்பதைவிட எவ்விடத்தில் அடிக்காமல் விட்டார் என்பதே எனக்கு வியப்பாயிருக்கின்றது. அவருடைய மாணாக்கர் திருச்சி சங்கரன் 1971 முதல் கனடா நாட்டில் யார்க் பல்கலைக்கழகத்தில் இக்கலையைக் கற்பித்தார்.

இத்தனை பெயர்களையும் ஆண்டுகளோடு சொல்ல முடிகின்றது. அவர்களுக்குத் தோல் மூட்டிக் கொடுத்தவர்களின் பெயரை அவ்வாறு வரிசைப்படுத்திச் சொல்ல என்னால் இயலவில்லை. பலாமரக் கட்டையில் எருமைத்தோல் வார் பிடித்து, எந்தத் தோல் எவருடைய கைக்கு ஏற்கும் என்று தொட்டே அறிந்தவர்கள் அவர்கள். டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட நூல்தான் மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பலரும் அறியப் பெயர் சொல்லிப் பேசிற்று. சரித்திர ஆசிரியனாகிய நானோ முப்பது ஆண்டுகள் கல்வெட்டையே காட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு மங்களம் பாடி முடிந்ததும் வித்துவான் ரவையை நகத்தால் வழித்தெடுத்து, ஈரத் துணியால் தோலைத் துடைத்து உறையிலிட்டார். வழித்த ரவையை மேடையின் ஓரத்தில் எறிந்துவிட்டுப் போனார். காலையில் பந்தலைப் பிரிக்க வந்தபோது அங்கே எறும்புகள் சாரை கட்டியிருந்தன.