ஸ்பிட்ஃபயரின் பின் சக்கரங்கள்

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரின் பின் சஸ்பென்ஷன் அந்தக் காருக்கென்று உருவானதல்ல. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் நிறுவனம் 1959-ல் வெளியிட்ட ஹெரால்டு என்ற குடும்பக் காரிலிருந்து வந்தது அது. ஹெரால்டு அப்படி அமைந்ததற்கு ஒரு வியாபார நெருக்கடியே காரணம். நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ ஆலையை 1953-ல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே கூடாகச் செய்து தர ஆளில்லாமல் போகவே, தனியாக ஒரு சேசிஸ் செய்து, அதன்மேல் தகடுகளை போல்ட் போட்டு முடுக்கும் பழைய வழிக்கே பொறியாளர் ஹாரி வெப்ஸ்டரின் குழு திரும்பியது. சேசிஸ் தனியாக இருந்ததில் ஒரு நன்மையும் விளைந்தது. எஞ்சினின் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை அதிலேயே இறுகப் பொருத்தி, பின் சக்கரங்கள் இரண்டையும் தனித்தனியே அசைய விட முடிந்தது. இத்தாலியரான மிக்கெலாட்டி வரைந்த ஸ்பிட்ஃபயர், 1962 அக்டோபரில் 1147 சிசி எஞ்சினும் 63 குதிரைத்திறனுமாக வந்தபோது, இந்த அமைப்பு அப்படியே அதற்கும் போனது.

அமைப்பு எளிமையானது. டிஃபரன்ஷியல் கூட்டின் தலைமேல், காரின் அகலவாக்கில், ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் படுத்திருக்கும். அதன் இரு முனைகளும் இரு சக்கரங்களைப் பிடித்திருக்கும். ஒவ்வொரு பக்க ஆக்சில் ஷாஃப்டிலும் டிஃபரன்ஷியலை ஒட்டி ஒரு ஜாயிண்ட் மட்டுமே உண்டு. சக்கரத்தின் பக்கம் ஜாயிண்ட் கிடையாது. ஆகவே சக்கரம் ஏறி இறங்கும்போது ஷாஃப்டும் சக்கரமும் சேர்ந்து கீலில் ஆடும் கதவைப் போல ஆடும். ஸ்விங் ஆக்சில் என்று இதற்குப் பெயர். ஆஸ்திரியரான எட்மண்ட் ரும்ப்ளர் 1903-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

நேர் சாலையில் குறை தெரியாது. வளைவில்தான் வினை. வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்க டயரைத் தரை பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் ஷாஃப்ட் வழியே உள் ஜாயிண்டுக்குப் போய், காரின் பின்பகுதியை மேலே தூக்கப் பார்க்கிறது. பின்பகுதி எழுந்தால் சக்கரத்தின் அடிப்பாகம் காருக்கு அடியில் மடங்கும். டயரின் விளிம்பு மட்டுமே தரையில் நிற்கும். வளைவின் நடுவில் ஓட்டுநர் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். எடை முன்பக்கம் சாய, பின்பக்கம் மேலும் எழ, வால் சட்டென்று வெளியே வீசிவிடும். அமெரிக்காவில் ஷெவ்ரலே கோர்வேரின் முதல் மாடல்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. 1965-ல் ரால்ஃப் நேடர் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' நூலின் முதல் அத்தியாயம் அந்தக் காரைப் பற்றியதுதான்.

திருத்தும் வேலையைப் பந்தயக்காரர்கள் முதலில் தொடங்கினார்கள். பட்டை ஸ்பிரிங்கின் வளைவைக் குறைத்துப் பின்பகுதியைத் தாழ்த்தினால், சக்கரங்களின் தலை உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும். மடங்குவதற்கு முன் கொஞ்சம் இடம் கிடைக்கும். அமெரிக்காவில் ட்ரையம்ஃபின் பந்தயப் பிரிவை நடத்திய காஸ் காஸ்ட்னர் இத்தகைய வேலைகளுக்குக் கையேடுகளே எழுதினார். டிஃபரன்ஷியலுக்கு அடியில் இன்னொரு குறுக்கு ஸ்பிரிங்கைக் கட்டி, இரு சக்கரங்களும் ஒருசேரக் கீழிறங்காமல் தடுப்பது வேறொரு வழி. போர்ஷே 356 சூப்பர் 90-ல் தொழிற்சாலையிலேயே அப்படிப் பொருத்தினார்கள்.

ட்ரையம்ஃபின் சொந்தத் திருத்தம், ஸ்பிட்ஃபயரின் சேசிஸில் இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து 1966-ல் வந்த ஜி.டி.6 காரில் தொடங்கியது. கூடிய வேகம் பழைய குறையை அம்பலமாக்கியது. 1968-ல் வந்த இரண்டாம் மாடலில் கீழே விஷ்போன் கையும், ஷாஃப்டின் வெளிமுனையில் ரோட்டோஃப்ளெக்ஸ் என்ற தடித்த ரப்பர் வளையமும் சேர்ந்தன. சக்கரம் ஷாஃப்டோடு சாயும் கட்டாயம் நீங்கியது. ஆனால் அந்த ரப்பர் நாளடைவில் வெடிக்கும். புது வளையம் ஒரு இரும்புப் பட்டியால் இறுக்கிக் கட்டப்பட்டே வரும். போல்டுகளை எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் பட்டியை வெட்டி எடுக்க வேண்டும். முன்னதாக வெட்டினால் வளையம் விரிந்துவிடும், ஓட்டைகள் சேராது.

1970-ல் மார்க் 4 ஸ்பிட்ஃபயருக்கு நிறுவனம் இதைவிட மிக மலிவான வழியொன்றைக் கண்டது. ஸ்பிரிங்கின் அடிப்பட்டையை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கிவிட்டு, மற்றப் பட்டைகளை ஒரு பெட்டிக்குள் நடுவில் ஊசலாட விட்டார்கள். கார் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பட்டைகள் எதிர்ப்பதில்லை. சாய்வைத் தாங்கும் வேலை முன்பக்கத்தில் தடிமனாக்கப்பட்ட ஆன்ட்டி-ரோல் பாருக்குப் போனது. தூக்கும் விசை பெருமளவு அடங்கியது. புதிய கையோ ரப்பரோ தேவைப்படவில்லை. இந்த வரலாறு முழுவதிலும் மிகச் சிறந்த பொறியியல் இதுவே என்று சொல்லலாம். 1973-ல் ஜி.டி.6-ம் ரோட்டோஃப்ளெக்ஸைக் கைவிட்டு இதற்கு மாறியது. அதே ஆண்டு மாடலில் ஸ்பிட்ஃபயரின் பின் சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் 2 அங்குலம் கூடியது.

மெட்ராஸில் இதே அமைப்பு வேறு திசையில் போனது. அங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டை உருவாக்கி வந்தது. இந்தியச் சாலைகளிலும் பட்டறைகளிலும் ஸ்விங் ஆக்சில் நல்ல பெயர் வாங்கவில்லை. 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெசலில் அதைத் தூக்கிவிட்டு, அம்பாசடர் போன்ற கார்களில் இருந்த ஒரே கட்டையான ஆக்சிலைப் போட்டார்கள். சஸ்பென்ஷன் கணக்கில் இது பின்னோக்கிய அடி. குண்டும் குழியுமான சாலைக்கும் தெருமுனை மெக்கானிக்கின் கைக்கும் பார்த்தால் நியாயமான முடிவு.

ஸ்பிட்ஃபயர் வைத்திருப்போர் சஸ்பென்ஷனைப் போலவே டிஃபரன்ஷியலையும் மாற்றுவதுண்டு. அதற்குக் காரணம் நெடுஞ்சாலை. முதல் மூன்று மாடல்களின் டிஃபரன்ஷியலில் கிரவுன் வீல்-பினியன் விகிதம் 4.11. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நான்காம் கியரில் எஞ்சின் 4,000 சுற்றை நெருங்கி அலறும். மார்க் 4-ல் விகிதம் 3.89 ஆனது, 1974-ல் வந்த 1500 மாடலில் 3.63. ஜி.டி.6-ன் 3.27 டிஃபரன்ஷியலைப் போட்டால் அதே வேகத்துக்கு 3,000 சுற்றை ஒட்டி நிற்கும். ஆனால் சிறிய எஞ்சின் மேட்டில் திணறும். பெரும்பாலான கார்களுக்கு 3.63-தான் பொருத்தம். டிஃபரன்ஷியலோடு ஷாஃப்ட் இணையும் ஃபிளாஞ்சு பழைய மாடல்களில் சிறியது, புதியவற்றில் பெரியது. அதையும் பார்த்தே வாங்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுவதால் அதுவும் பொய் சொல்லும். 4.11-க்குப் பதில் 3.27 போட்ட காரில் முள் 80 காட்டும்போது கார் 100-ல் போய்க்கொண்டிருக்கும்.

வளைவில் உள்பக்கச் சக்கரம் எடை குறைந்து வெறுமனே சுழல்வதைத் தடுக்க லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போடுவோரும் உண்டு. இந்தச் சுழற்சிக்குப் பெரும் காரணம், நடுவில் இறுக்கிய பழைய ஸ்பிரிங் பின்பக்கச் சாய்வை விறைப்பாக எதிர்ப்பதுதான். மார்க் 4-ன் ஊசலாடும் ஸ்பிரிங் வந்ததும் உள்பக்க டயர் தரையைவிட்டு எளிதில் எழுவதில்லை. அதனால் பந்தயத்துக்குப் போகாத காரில் முதலில் ஸ்பிரிங்கை மாற்றிப் பார்த்து, அதற்குப் பிறகும் சுழற்சி இருந்தால் டிஃபரன்ஷியலுக்குப் போவதே முறை.