உத்தர ஞான சிதம்பரம்: திசைப்பெயரா, காலப்பெயரா?

சேத்தியாத்தோப்பு கூட்டுரோட்டில் நின்றால் கிழக்கே போகும் சாலை சிதம்பரத்துக்கு, வடக்கே போவது வடலூருக்கு. சிதம்பரத்தைப் பூர்வ ஞான சிதம்பரம் என்றும் வடலூரை உத்தர ஞான சிதம்பரம் என்றும் வள்ளலாரின் வழி நிற்கும் சன்மார்க்கிகள் வழங்குவர். பூர்வம் கிழக்கு, உத்தரம் வடக்கு. இந்த முக்கில் நிற்பவருக்குப் பொருள் அத்துடன் முடிந்துவிட்டதாகவே தோன்றும். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் சிதம்பரத்திலிருந்து பார்த்தால் வடலூர் வடமேற்கே இருக்கிறது. வடலூரிலிருந்து பார்த்தால் சிதம்பரம் தென்கிழக்கு. திசைக்கணக்கு சரியாக வருவது சேத்தியாத்தோப்பில் மட்டுமே. இங்கு நின்றா வள்ளலார் பெயர் வைத்திருப்பார்?

திசைப்பொருள் இத்தனை காலம் கேள்வியின்றி நிலைத்ததற்குக் காரணம், வடலூரில் வள்ளலார் எழுப்பிய ஞானசபையைப் பற்றி மேலோங்கி நிற்கும் ஒரு வாசிப்பு. அதை இங்கே ‘உள்ளுடல் வாசிப்பு’ என்று குறிக்கிறேன். சன்மார்க்கச் சொற்பொழிவுகளிலும் உரைநூல்களிலும் அது ஆழ வேரூன்றியிருக்கிறது. அதன்படி ஞானசபை மனித உடலுக்குள் இருப்பது. சிற்சபை புருவ மத்தி. ஏழு திரைகள் ஆன்மாவை மூடிய ஏழு மறைப்புகள். வடலூரில், அதாவது பார்வதிபுரத்தில், எழுந்த எண்கோணக் கட்டடம் இவற்றை வெளியே காட்டும் பாடப்படம். கட்டடமே படம் என்றானபின் அதன் பெயரில் இருக்கும் ‘உத்தர’ வெறும் முகவரியாகிவிடுகிறது. இந்த வாசிப்புக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. உபதேசக் குறிப்புகளில் ஞானசபை ஆன்மாவின் பிரகாசம் என்றும், அதற்குள் நிற்கும் ஒளியே கடவுள் என்றும், அவ்வொளியின் அசைவே நடனம் என்றும் தெளிவாகவே வருகிறது. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என்ற ஏழு திரைகளுக்கும் ஏழு சத்திகளைப் பொருத்தும் விளக்கத்தையும் நான் மறுக்கவில்லை. தைப்பூசத்தன்று சபையைச் சூழ்ந்த பெருவெளியில் நின்று திரை விலகக் கண்டவர் எவரும் மறுக்கமாட்டார்.

நான் மறுப்பது ஒன்றைத்தான். உபதேசக் குறிப்புகள் கேட்டவர்கள் எழுதி வைத்தவை. சபை பற்றிய வழிபாட்டு விதியும் விளம்பரமும் வள்ளலாரே வெளியிட்டவை. உள்ளுடல் வாசிப்பு முதல் வகையை மூலமாக்கி, இரண்டாம் வகையை அதற்கு உரையாக்கிவிட்டது. 1872 ஜூலை 18ஆம் நாளிட்ட விதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். தகரக் கண்ணாடி விளக்கு வைக்கச் சொல்கிறது. பித்தளைக் குத்துவிளக்கும் மேலே ஏற்றும் குளோப்பு விளக்கும் வேண்டாம் என்கிறது. உள்ளே போய் விளக்கு வைப்பவரும் தூசு துடைப்பவரும் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவராகவோ எழுபத்திரண்டுக்கு மேற்பட்டவராகவோ இருக்க வேண்டும் என்கிறது. புருவ மத்திக்குத் தூசு துடைக்க ஆள் வைப்பதுண்டா? தகரமா பித்தளையா என்று கவலைப்பட்டவருக்கு அந்தக் கட்டடம் பாடப்படமாக இருந்திருக்க முடியாது.

இனி பெயருக்கு வருவோம். சபை தொடர்பான அறிவிப்பில் ஊர்ப்பெயர் இரண்டு அடுக்காக வருகிறது. உத்தர ஞான சித்திபுரம், உத்தர ஞான சிதம்பரம் என்பவை திருவருள் தந்த பெயர்கள். பார்வதிபுரம், வடலூர் என்பவை உலகியல் வழங்கும் பெயர்கள். இந்தப் பாகுபாடு என்னை நிறுத்தியது. திசை உலகியலைச் சேர்ந்தது. வடக்கே இருக்கிறது என்று சொல்லத் திருவருள் தேவையில்லை. ‘உத்தர’ அருட்பெயர்களின் பக்கம் நிற்பதால், அதில் திசைக்கு மேற்பட்ட ஒன்று இருந்தாக வேண்டும். பூர்வ மீமாம்சை, உத்தர மீமாம்சை என்று பழகிய காதுக்கு அது என்னவென்று தெரியும்: முன்னது, பின்னது. தில்லை முன்பு வந்த ஞானசபை. வடலூர் பின்பு வரும் ஞானசபை.

‘வரும்’ என்று எழுதியது தெரிந்தேதான். சபையில் முதல் தைப்பூசம் 1872 ஜனவரி 25, வியாழக்கிழமை. விளம்பரத்தின் நாள் அதே ஆண்டு நவம்பர் 25. கட்டடம் எழுந்து, விளக்கும் ஏற்றப்பட்டுப் பத்து மாதம் கழிந்த பிறகும் விளம்பரம் எதிர்காலத்தில்தான் பேசுகிறது. கடவுள் இந்தச் சபைக்கு வந்து விளையாடப் போகிறார், மூத்தவர் இளமை பெறுவர், இறந்தவர் எழுவர் என்கிறது. கட்டியாயிற்று; வர வேண்டியவர் இன்னும் வரவில்லை. இந்த இடைவெளியைத் திசைப்பொருளும் விளக்காது, உள்ளுடல் வாசிப்பும் விளக்காது.

இதே இடைவெளியை வேறொரு மரபு, யூத மரபு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறது. கி.மு. 520 அளவில், எருசலேமில் இரண்டாம் ஆலயம் எழும்போது, பிந்திய வீட்டின் மகிமை முந்தியதைவிடப் பெரிதாகும் என்றார் ஆகாய் தீர்க்கதரிசி. தல்மூதின் பாபா பத்ரா பகுதியில் ஒருவர் இந்தப் பெருமை கட்டட அளவில் என்கிறார். மற்றவர் நிலைத்த ஆண்டுகளில் என்கிறார். ரபிகளின் கணக்கில் முதல் ஆலயம் 410 ஆண்டு, இரண்டாவது 420 ஆண்டு. எபிரேயத்தில் ‘கெதெம்’ என்ற சொல்லுக்குக் கிழக்கு, பழமை இரண்டுமே பொருள். நம் ‘பூர்வ’ போலவே.

அந்த இரண்டாம் ஆலயமும் இடிந்தபின் சிக்கல் கூர்மையானது. வரவிருக்கும் ஆலயம் கட்டி முடிந்த நிலையில் வானிலிருந்து இறங்கும் என்றார் பதினோராம் நூற்றாண்டின் ராஷி. மேசியா அரசரே கட்டுவார் என்று சட்டமாக எழுதினார் பன்னிரண்டாம் நூற்றாண்டின் மைமோனிதேஸ். அந்த ஆலயத்துக்கு எசேக்கியேல் நூல் தரும் அளவுகள் முழுத் தெளிவானவை அல்ல என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். ஜெர்மனி நாட்டு ரபி யாக்கோபு எட்லிங்கர் இரண்டையும் இணைத்தார். மனிதர் கட்டிய ஆலயத்துக்குள், உடலுக்குள் உயிர் புகுவதுபோல, வானாலயம் இறங்கிப் புகும் என்றார். அவர் மறைந்தது 1871இல். அதே ஆண்டில்தான் பார்வதிபுரத்தில் சபைக்கு அடித்தளம் போட்டார்கள். ஒருவருக்கொருவர் அறிமுகமில்லை, தாக்கம் எதையும் நான் கூறவில்லை. ஆனால் விளம்பரத்தின் எதிர்காலத்தை எட்லிங்கரின் வழியில் படித்தால், உள்ளொளி பேசும் உபதேசக் குறிப்பும் தகரவிளக்கு பேசும் விதியும் ஒன்றையொன்று வெட்டாமல் நிற்கின்றன.

என் வாதத்தின் மெலிந்த இடத்தையும் சொல்லிவிட வேண்டும். 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கமாகத் தொடங்கிய வள்ளலாரின் அமைப்பு, 1872 ஆவணங்களில் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கமாகிவிட்டது. ‘வேத’ உதிர்ந்து ‘சுத்த’ வந்தது. முன்னதை விட்டுப் பின்னதற்கு நகரும் அதே அசைவைத்தான் ‘உத்தர’ என்ற அடைமொழியிலும் காண்கிறேன். இரண்டும் ஒரே வேளையில் வந்தவை என்று நிறுவ என்னிடம் சான்று இல்லை. ‘உத்தர’ முந்தியதாக இருந்தால் என் இணைப்பு தளரும்; காலப்பொருள் அதனால் விழாது.

வர வேண்டியவருக்கான காத்திருப்பு வள்ளலாரோடு முடியவில்லை. 1874 ஜனவரி 30இல் மேட்டுக்குப்பத்து அறைக்குள் போய் அவர் மறைந்த பிறகு, சபைக்குள் இலிங்க வழிபாடு வந்தது. வள்ளலார் வகுத்த விதிப்படியே வழிபாடு நடக்க வேண்டும் என்று அறநிலையத்துறை 2006இல் ஆணையிட்டது. 2010இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2024இல் பெருவெளியில் வள்ளலார் சர்வதேச மையத்துக்குப் பள்ளம் தோண்டியபோது பார்வதிபுரத்தார் திரண்டு தடுத்தார்கள். 1867இல் ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை எழுதிக் கொடுத்தது அவர்களுடைய முன்னோர். அந்த நிலம் வெறுமையாகவே கிடக்க வேண்டும் என்றுதான் அவர்கள் கேட்டார்கள்.