சபையில் பேசிய இளையோர்

தருமபுரி மாவட்டத்து முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் மூன்று மொழிகள் புழங்குகின்றன. அடுப்படியில் உருது, பள்ளிக்கூடத்தில் தமிழ், மக்தபில் அரபு. பாரமஹால் எனப்பட்ட இந்நிலப்பகுதி ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆட்சியில் இருந்து, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒன்று மார்க்கத்தைப் பற்றித் தன் உள்ளத்தில் இருப்பதைச் சொல்ல விரும்பினால், எந்த மொழியில் சொல்வது என்பதே முதல் இடர்ப்பாடு. அதனினும் பெரிது அச்சம். எல்லாம் விதிப்படி என்றால் என் முயற்சி எதற்கு? தொழுகையில் மனம் ஒன்றவில்லையே, அது ஏற்கப்படுமா? இப்படிக் கேட்டால் ஈமானில் குறை என்று பெரியவர்கள் கருதிவிடுவார்களோ என்று பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது.

இளையோர் எதை நம்பினர், எதில் ஐயுற்றனர் என்பதை வரலாறு பெரும்பாலும் எழுதி வைப்பதில்லை. 1767இல் தொடங்கிய முதல் மைசூர்ப் போரின் களங்களுள் பாரமஹாலும் ஒன்று. அப்போரில் குதிரைப்படை நடத்திய திப்புவுக்குப் பதினாறு, பதினேழு வயதுதான் இருக்கும். ஏடுகள் பேசுவதெல்லாம் அந்த இளைஞரின் வாளைப் பற்றியே.

இவ்வகையில் ஹதீஸ் இலக்கியம் ஒரு பெரும் விதிவிலக்கு. மிகுதியான ஹதீஸ்களை அறிவித்தவர்கள் என்று அறிஞர்கள் வரிசைப்படுத்தும் பட்டியலில் அபூஹுரைரா (ரலி) 5374 அறிவிப்புகளுடன் முதலிடத்தில் இருக்கிறார். அவரை அடுத்து வருவோர் இப்னு உமர் (2630), அனஸ் (2286), ஆயிஷா (2210), இப்னு அப்பாஸ் (1660) ஆகியோர். நபி (ஸல்) அவர்கள் மறைந்தபோது இந்நால்வருள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு ஏறத்தாழ பதின்மூன்று வயது. மற்ற மூவரும் இருபதை ஒட்டியவர்கள். நமக்கு வந்து சேர்ந்த மார்க்க அறிவின் பெரும்பங்கு, பதின்பருவக் காதுகள் கேட்டு, பதின்பருவக் கண்கள் பார்த்தது. இதை நம் பயான்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

அவர்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. ஓர் இளைஞர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து விபசாரத்துக்கு அனுமதி கேட்டார். முஸ்னத் அஹ்மதில் அபூஉமாமா (ரலி) வழியாக இது பதிவாகியுள்ளது. சூழ இருந்தவர்கள் அதட்டினார்கள். நபியவர்களோ அவரை அருகில் அழைத்து அமரச் செய்து, உன் தாய்க்கு இதை விரும்புவாயா, மகளுக்கு, சகோதரிக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லை என்றார். பிறகு அவர் மீது கை வைத்து அவருக்காக துஆச் செய்தார்கள். இன்று நம் பள்ளிவாசலில் ஒரு பையன் இப்படிக் கேட்டால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அபூமஹ்தூரா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இன்னும் வியப்புக்குரியது. ஹிஜ்ரி 8இல் ஹுனைனிலிருந்து நபியவர்கள் திரும்பும் வழியில் பாங்கு சொல்லப்பட்டது. அப்பக்கம் வந்த மக்கத்து இளைஞர்கள் சிலர் அதைப் போலவே கத்திக் கேலி செய்தனர். அவர்கள் அழைத்துவரப்பட்டனர். ஒவ்வொருவரையும் பாங்கு சொல்லிக் காட்டும்படி கேட்ட நபியவர்கள், அபூமஹ்தூராவின் குரலைக் கேட்டு அவரை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். பாங்கின் சொற்களைத் தாமே கற்றுக்கொடுத்து, வெள்ளி நாணயப் பையொன்றையும் அளித்து, அவர் நெற்றியிலும் மார்பிலும் கை வைத்து துஆச் செய்தார்கள். அக்கணம் வரை தம் நெஞ்சில் இருந்த வெறுப்பு அன்பாக மாறியதை அவரே பின்னர் அறிவிக்கிறார். மக்காவின் முஅத்தினாக இருக்கவும் அவரே அனுமதி கேட்டுப் பெற்றார். தண்டிக்கத்தக்க கேலி என்று பிறர் கண்டிருக்கக்கூடிய இடத்தில் நபியவர்கள் கண்டது ஒரு நல்ல குரலை.

கலீஃபா உமர் (ரலி) இம்மரபைத் தொடர்ந்தார்கள். பத்ரில் பங்கேற்ற முதியோரின் அவையில் இளைஞர் இப்னு அப்பாஸை அமர்த்தினார்கள். எங்களுக்கும் இவ்வயதில் பிள்ளைகள் உண்டே என்று சிலர் முறையிட்டனர். ஒருநாள் சூரத்துந் நஸ்ரின் கருத்தை உமர் (ரலி) அவையினரிடம் கேட்டார்கள். வெற்றியின்போது இறைவனைப் புகழ வேண்டும் என்பதே பொருள் என்றனர் சிலர், மற்றவர்கள் பேசவில்லை. இப்னு அப்பாஸோ, அது நபியவர்களின் மறைவு நெருங்கியதை உணர்த்தும் அத்தியாயம் என்றார். நானும் அவ்வாறே அறிகிறேன் என்றார்கள் உமர்.

தமிழ்நாட்டில் இதற்கு ஓர் அணிமை உதாரணம் உண்டு. ராமேஸ்வரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாம், சிறுவயதில் தொழுகையின் பொருள் என்ன என்று தந்தையிடம் கேட்டதையும், ஜைனுலாப்தீன் அவர்கள் ஆன்மிகத்தின் கடினமான கருத்துகளையும் எளிய தமிழில் விளக்கியதையும் தம் சுயசரிதையான ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் நினைவுகூர்கிறார். எளிய தமிழில் என்பதைக் கவனியுங்கள். மும்மொழிக்கு நடுவே வளரும் தருமபுரிப் பிள்ளைக்கும் அதுதான் தேவை.

வாய் திறக்காத ஒரு சிறுவரும் புகாரியில் இருக்கிறார். இலை உதிராத, முஸ்லிமுக்கு ஒப்பான மரம் எது என்று நபியவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். எல்லோர் எண்ணமும் பாலைநிலத்து மரங்களை நோக்கிச் சென்றது. பேரீச்சை என்று இப்னு உமர் (ரலி) அவர்களுக்குத் தோன்றியது. அவையில் தாமே வயதில் இளையவர் என்பதாலும், அபூபக்ரும் உமரும் பேசாதிருந்ததாலும் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. பிறகு இதைத் தந்தையிடம் சொன்னபோது, நீ அதைச் சொல்லியிருந்தால் பெரும் செல்வத்தைவிட எனக்கு உவப்பாக இருந்திருக்குமே என்று உமர் (ரலி) வருந்தினார்கள்.

பல்லாண்டுகளுக்குப் பின் முஜாஹித் என்னும் மாணவர் இப்னு உமருடன் மதீனாவுக்குப் பயணம் செய்தார். 2630 ஹதீஸ்களை அறிவித்த அம்முதியவர் அவ்வழியில் நபியவர்களைப் பற்றித் தமக்குச் சொன்னது ஒரே ஒரு ஹதீஸ்தான் என்று முஜாஹித் கூறுகிறார். அது இந்தப் பேரீச்சை மரத்தின் ஹதீஸ்.