ஏ.கே. செட்டியாரும் எங்கள் மாணவர்களின் படப்பட்டியலும்

சோழவந்தானில் வைகையின் வடகரையில் நின்றால் எதிரே தெரிவது தென்கரை. ஊரின் பெயரே அதுதான். திரையிசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு டி.ஆர். மகாலிங்கத்தின் பெயர் தெரியும். அப்பெயரின் முதலெழுத்தான 'டி' இந்தத் தென்கரையைக் குறிப்பது என்பது பலருக்குத் தெரியாது. 1938இல் 'நந்தகுமார்' படத்தில் சிறுவனாகத் திரைக்கு வந்தவர். 1945இல் 'ஸ்ரீவள்ளி' அவரைத் தமிழகம் முழுவதும் அறியச் செய்தது. 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் பாணபத்திரராக வந்து இன்னொரு தலைமுறைக்கும் அறிமுகமானார். 1978இல் மறைந்தார்.

அவரைப் பற்றிப் பதினைந்து நிமிடத்தில் ஓர் ஆவணப்படம் எடுக்கப் போவதாகக் கடந்த பருவத்தில் எங்கள் மாணவர்கள் ஆறுபேர் வந்து நின்றார்கள். தமிழ்த்துறை ஆசிரியனிடம் வந்தது உரை எழுதித் தருவதற்காக. படம் எடுக்கும் கலை தங்களுக்கே தெரியும் என்றார்கள். கையில் நான்கு பக்கப் பட்டியல் இருந்தது. வைகைப் பாலம், ட்ரோன் ஷாட். வெற்றிலைக் கொடிக்கால், குளோசப், ஸ்லோமோஷன். தென்கரைக் கோயில் கோபுரம், கீழிருந்து மேலே. ரயில் நிலையம், லாங் ஷாட். நல்ல கண்தான், குறை சொல்வதற்கில்லை. முழுவதும் படித்துவிட்டு, "இதில் மகாலிங்கம் எங்கே வருகிறார்?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவர் பாட்டு பின்னணியில ஓடும் ஐயா" என்றான் ஒருவன்.

அன்று மாலை அவர்களிடம் நான் ஏ.கே. செட்டியாரின் கதையைச் சொன்னேன். அதையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

அண்ணாமலை கருப்பன் செட்டியார் 1911இல் பிறந்தவர், செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். இளவயதில் ரங்கூனில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராக இருந்தார். பிறகு டோக்கியோ சென்று புகைப்படக் கலை பயின்றார். அங்கிருந்து நியூயார்க் சென்று அங்கும் ஒரு நிறுவனத்தில் பயின்று 1937இல் பட்டயம் பெற்றார். அந்நாளில் சென்னையில் படப்பிடிப்பைப் பாடமாகக் கற்பிக்கும் பள்ளி கிடையாது. சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் அதற்கென வகுப்பு தொடங்கியது 1945இல்தான். அதற்கு முன்பு ஒளிப்பதிவாளராக விரும்பியவன் ஸ்டூடியோவில் யாரேனும் ஒருவருக்குப் பின்னால் பெட்டி தூக்கித்தான் கற்க வேண்டும். செட்டியார் அந்த வழியில் போகவில்லை. அதே வேளையில், அவர் முறையாகக் கற்றது பெரும்பாலும் அசையாப் படம். அசையும் படத்தை அவர் கற்றது வேலையில் இறங்கிய பின்னரே.

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில் இருக்கிறார். காந்தியடிகளின் பிறந்தநாள். காந்தியைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று தோன்றியது என்று அவரே பின்னாளில் எழுதினார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது நிறையவில்லை. கையில் ஒரு பட்டயம். நிறுவனம் இல்லை, பணம் இல்லை.

இங்கேதான் என் மாணவர்களின் இடரும் அவருடைய இடரும் ஒன்றாகின்றன. காந்தி அன்று உயிரோடிருந்தார். சேவாகிராமத்துக்குப் போனால் படம் எடுக்கலாம். (எளிதில் அன்று. சினிமாவை அவர் விரும்பியதில்லை. 1927-28இல் இந்தியத் திரைப்பட விசாரணைக் குழு கருத்துக் கேட்டபோது, தாம் சினிமா பார்த்ததே இல்லை, அதனால் விளையும் தீமை கண்கூடு என்ற பொருளில் பதில் அனுப்பியவர்.) ஆனால் 1937இல் எடுக்கத் தொடங்குபவனுக்குத் தென்னாப்பிரிக்கா எப்படிக் கிடைக்கும்? 1930இன் தண்டி நடை எப்படிக் கிடைக்கும்? 1931இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோது திரண்ட கூட்டம் எப்படிக் கிடைக்கும்? காலம் கடந்த காட்சியின்மேல் எந்தக் காமிராவையும் திருப்ப முடியாது.

செட்டியார் கண்ட விடை எளியது, அதனாலேயே கடினமானது. அந்தக் காட்சிகளை வேறு யாரோ ஏற்கெனவே எடுத்திருப்பார்கள். அவர்கள் யார், சுருள் இப்போது யாரிடம் இருக்கிறது என்று தேடிப் போக வேண்டும். நான்கு கண்டங்களில் அலைந்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் மைல். சுமார் முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த காட்சிகளிலிருந்து 50,000 அடி திரட்டினார். கிடைக்காதவற்றுக்காகத் தாமும் எடுத்தார். இறுதியில் படமாக நின்றது 12,000 அடி.

அடிக்கணக்கு இன்றைய மாணவனுக்குப் புரியாது என்பதால் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 35 மில்லிமீட்டர் பேசும்படச் சுருள் நொடிக்கு 24 சட்டம் வீதம் ஓடும்; நிமிடத்துக்கு 90 அடி. 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். 12,000 அடி என்பது இரண்டே கால் மணிக்குச் சற்றுக் குறைவு. நான்கு அடி தேடிக் கொண்டுவந்து மூன்று அடியை ஒதுக்கியிருக்கிறார் என்று கொள்ளலாம். எடை வேறு இருக்கிறது. அக்காலச் சுருள் நைட்ரேட். தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அதைக் கப்பலிலும் ரயிலிலும் தூக்கிக்கொண்டு போரின் விளிம்பில் இருந்த ஐரோப்பாவைக் கடந்து ஊர் திரும்புவது எத்தகைய காரியம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

எடுத்தவர்கள் பலர் என்பதால் காட்சிகளும் ஒரு தன்மையன அல்ல. 1912இல் கோகலே தென்னாப்பிரிக்கா சென்றபோது எடுக்கப்பட்ட சுருள், காந்தி அசையும் படத்தில் பதிவான மிகப் பழைய காட்சிகளுள் ஒன்று. அது ஊமைப்படக் காலத்தது. கையால் சுற்றிய காமிரா, நொடிக்குப் பதினாறோ பதினெட்டோ சட்டம். அதை 24இல் ஓட்டினால் மனிதர்கள் ஓடுவதுபோல் நடப்பார்கள். காந்தியடிகள் வேகமாக நடப்பவர்தாம். ஆயினும் அவ்வளவு வேகம் அவருக்கும் இருந்திருக்காது. இடையிடையே சில சட்டங்களை இருமுறை அச்சிட்டு அந்த ஓட்டத்தைத் தணிப்பது அக்காலத்தில் கையாண்ட வழி. தண்டி நடையைப் பம்பாய்ப் படக்காரர்கள் எடுத்தனர். அத்தகைய படங்களை ஆங்கில அரசு தடைசெய்தது. 1931இல் போர்சத் கிராமத்தில் அமெரிக்க ஃபாக்ஸ் மூவிடோன் நிறுவனத்தார் எடுத்தது ஒலியோடு கூடியது. காந்தி பேசுவதைக் கேட்கலாம். காமிராவும் ஒலிக்கருவியும் பளுவானவை. நட்ட இடத்தை விட்டு நகரா. கூட்டத்தின் விளிம்பிலிருந்து எடுத்தால் லாங் ஷாட். காந்தி எதிரே வந்து உட்கார்ந்தால் மிட் ஷாட். நினைத்தபோது நினைத்த கோணம் என்பது அந்த ஒளிப்பதிவாளர்களுக்குப் பெரும்பாலும் வாய்க்கவில்லை.

ஷாட்டுகளின் பெயரை மனப்பாடம் செய்வதால் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றைக் கற்பிக்க எனக்குத் தெரிந்த வழியில் நானும் முயன்றேன். அகத்திணையில் முதற்பொருள் நிலமும் பொழுதும். பிறகு கருப்பொருள், அந்நிலத்தின் மரமும் பறவையும் தொழிலும். அதன் பிறகே உரிப்பொருள், தலைவியின் நெஞ்சு. தொலைவிலிருந்து நெருங்கி வரும் இந்த ஒழுங்கைச் சொன்னால் லாங் ஷாட் ஏன் முதலில் வருகிறது என்று பிள்ளைகளுக்கு உடனே விளங்குகிறது. (தொல்காப்பியத்திலேயே சினிமா இருந்தது என்று கூறும் கூட்டத்தில் நான் இல்லை. வகுப்பில் உதவுகிறது, அவ்வளவே.) ஆனால் ட்ரோன் என்பது பார்க்கும் இடம். எதைப் பார்க்க அங்கே ஏறுகிறோம் என்பது வேறு கேள்வி. மாணவர்களின் நான்கு பக்கத்திலும் முதல் கேள்விக்கு விடை இருந்தது, இரண்டாவதற்கு இல்லை.

செட்டியாரின் தேடலைப் படிக்குந்தோறும் எனக்கு உ.வே. சாமிநாதையரே நினைவுக்கு வருவார். ஒருவர் ஏட்டைத் தேடி வீடுவீடாகச் சென்றார். மற்றவர் சுருளைத் தேடி நாடுநாடாகச் சென்றார். இருவரும் கிடைத்ததை ஒப்பிட்டுக் கழிப்பன கழித்துக் கொள்வன கொண்டார்கள். சோழவந்தானை அடுத்து, ஆற்றின் போக்கில் இருக்கிறது திருவேடகம். சம்பந்தர் இட்ட ஏடு வைகையை எதிர்த்து ஏறிவந்து ஒதுங்கிய இடம் என்பது தலபுராணம். எல்லா ஏடும் அப்படித் தானாக வந்து கரை சேர்வதில்லை.

படத்தின் தமிழ் வடிவம் 1940 ஆகஸ்டு 23இல் சென்னையில் வெளிவந்தது. போர் தொடங்கி ஓராண்டு. அரசின் கண் எங்கும் இருந்த காலம். பின்னர்த் தெலுங்கிலும் வந்தது. 1942க்குப் பின் இத்தகைய படத்தைத் திரையில் காட்டும் சூழல் இல்லை. 1947இல் விடுதலையை ஒட்டி இந்தி விளக்கவுரையுடன் தில்லியில் காட்டப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கிலச் சுருக்க வடிவம் ஒன்று வந்தது.

அதன் பிறகு தமிழ்ப் படம் என்ன ஆயிற்று? காணவில்லை. ஒரு லட்சம் மைல் அலைந்து சேர்த்தது, செய்தவர் வாழ்நாளிலேயே காணாமற்போயிற்று. இது அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. தமிழின் முதல் பேசும்படமாகச் சொல்லப்படும் 1931இன் 'காளிதாஸ்' இன்று ஒரு சுருளும் இல்லை. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964இல்தான். அதற்குள் எரிந்தவையும் நொறுங்கியவையும் வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் கணக்கில.

செட்டியார் 1943 முதல் 'குமரி மலர்' இதழை நடத்தினார். பழைய இதழ்களில் புதைந்து கிடந்த எழுத்துகளைத் தேடியெடுத்து மறுபடி அச்சிட்டார். தேடிச் சேர்க்கும் அந்த நோய் அவரை விடவில்லை. காந்தி படம் உருவான கதையையும் கட்டுரைகளாக எழுதினார். தம்மை முன்னிறுத்திக்கொள்ளாத எழுத்து. படிப்பவர் எழுதியவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். 1983இல் மறைந்தார். அக்கட்டுரைகளை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாகப் பதிப்பித்தார். ஆங்கிலச் சுருக்க வடிவத்தின் படி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருப்பதைக் கண்டறிந்ததும் அவரே. தமிழ்ப் படத்தைப் பற்றி இன்று நாம் இவ்வளவு பேச முடிவது படம் கிடைத்ததனால் அன்று, படமெடுத்தவர் எழுதிவைத்ததனால்.

இதைச் சொன்னபோது மாணவர்களில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "அப்போ நாம எழுதியும் வைக்கணும் ஐயா" என்றாள். நான் சொல்ல நினைத்திருந்ததை அவளே சொல்லிவிட்டாள்.

பழைய பட்டியலைக் கிழிக்கச் சொல்லவில்லை. ஓரமாக வைக்கச் சொன்னேன். புதிதாக நான்கு பத்தி போட்ட தாள் ஒன்று. முதற்பத்தியில் நாம் காட்ட வேண்டியது. இரண்டாவதில் அது இன்று இருக்கிறதா, இல்லையா. மூன்றாவதில் யாரிடம் இருக்கிறது. நான்காவதில் அவரிடம் இசைவு வாங்கியாயிற்றா. ஷாட்டின் பெயருக்கு இன்னும் பத்தியே இல்லை. மூன்றாம் பத்தி நிறைந்த பிறகு அதைச் சேர்க்கலாம் என்று வைத்திருக்கிறோம்.

இசைவு என்றதும் பாட்டு வந்தது. இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு உரிமை. 'ஸ்ரீவள்ளி' அந்த எல்லையைக் கடந்துவிட்டது. ஆனால் பாடலாசிரியரின் உரிமையும் இசையமைப்பாளரின் உரிமையும் அவரவர் மறைந்த பின் 60 ஆண்டு நிற்கும். ஆகவே "பின்னணியில் ஓடும்" என்று எளிதில் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் யார் எழுதினார், எப்போது மறைந்தார் என்று பார்க்க வேண்டும். பையன்கள் முகம் வாடியது. பாட்டைப் பற்றிப் பேசும் முதியவரின் முகம் போதாதா என்று அந்தப் பெண்ணே கேட்டாள். குளோசப் அங்கே தானாகவே வந்து உட்கார்ந்தது.

தாளில் இப்போது முப்பத்திரண்டு வரிகள். பதினான்கில் மூன்றாம் பத்தி காலி. தென்கரையில் ஒரு வீட்டுத் திருமணத்தில் மகாலிங்கம் பாடினார் என்றும், அப்போது எடுத்த புகைப்படம் அந்தக் குடும்பத்தில் ஒருவரிடம் மதுரையில் இருக்கிறது என்றும் பேச்சு. உண்மையா என்று தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டுபேர் காமிரா எடுத்துக்கொள்ளாமல் போய்ப் பார்த்துவர இருக்கிறார்கள்.