ஐந்தாறு வண்ணங்களில் அழியாத முகங்கள்

கச்சால் வாழ் தமிழ்ப் பெருமக்களே!

இரயில்வே எழுத்தனாகிய அடியேன் ஓவியம் பயின்றவன் அல்லேன், வரலாற்றில் ஆர்வமுடையவன். இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டு நடத்திய கடற்படையெடுப்பில் வென்ற இடங்களுள் ‘மாநக்கவாரம்’ ஒன்றெனத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டு கூறும். அது தாங்கள் வாழும் நிக்கோபார்த் தீவுகளே என்பர் அறிஞர். தீவின் பெயரைக் கல்லில் காத்த அக்கோயில், மனித முகங்களைச் சுவரில் காத்த வரலாற்றையும் அறிதல் நன்று.

இராசராசன் 1010-இல் நிறைவு செய்த அக்கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் சோழர் ஓவியங்கள் உள. நாயக்கர் காலத்தில் அவற்றின்மேல் வேறு சுதை பூசிப் புதிய படங்கள் தீட்டப்பெற்றன. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி மறைந்திருந்த பழைய ஓவியங்களைக் கண்டறிந்தார்.

அவ்வோவியர் கையாண்ட வண்ணங்கள் மிகச் சிலவே: சுண்ண வெண்மை, கரியின் கருமை, மஞ்சட்காவி, செங்காவி, பச்சைமண், நீலக்கல். காரணம் வறுமையன்று. ஈரச் சுண்ணச் சுதையின்மேல் தீட்டுங்கால், சுண்ணத்தின் காரத்தைத் தாங்கும் நிறங்களே நிலைக்கும். சுதை காற்றிலுள்ள கரிவளியை ஏற்று இறுகும்போது நிறமும் அதனோடு ஒன்றிவிடும்.

இச்சில நிறங்களுக்குள் எத்துணை உணர்ச்சி! இராசராசனும் கருவூர்த்தேவரும் எனப் பலர் கொள்ளும் ஓவியத்தில், முதியவரின் வெண்தாடியும் பின்நிற்பவரின் அமைதியும் நம்மைப் பேசாது நிறுத்திவிடும். திரிபுராந்தகர் ஓவியத்திலோ, இறைவனின் வீரமும் அசுரமகளிரின் கலக்கமும் ஒருசேரத் தோன்றும். நிறம் குறைந்தவிடத்துக் கோடு பேசுகின்றது. புருவத்தின் ஒரு வளைவு உள்ளத்தைக் காட்டுகின்றது. கிரேக்க ஓவியர் அப்பெல்லீசும் நான்கு நிறங்களாலேயே புகழெய்தினார் என்று உரோமானிய அறிஞர் பிளினி எழுதியுள்ளார்.

அன்பர்களே! 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை கச்சாலில் உயிர்களையும் உடைமைகளையும் வாரிச் சென்றது. மூத்தோரின் நிழற்படம் ஒன்றேனும் எஞ்சாத இல்லங்கள் தங்களிடையே இருத்தல் கூடும். அம்முகங்களை நினைவிற் கொண்டோர் நம்மோடு இருக்கும்போதே, அவர் சொல்லச் சொல்லக் குழந்தைகள் வரையட்டும். வண்ணப்பெட்டி இல்லையெனத் தயங்கவேண்டா. கரித்துண்டும், சுண்ணமும், சிறிது காவியும் போதும். ஆயிரம் ஆண்டுகட்கு முன் தஞ்சையில் அவையே முகங்களைக் காத்தன.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!